ஊசல் ஓவியத்தின் இதழ்களைத் திருப்புவது பூமி அன்று

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கயிற்றில் ஆடும் வண்ணக் கலத்தைக் கொண்டு அருவ ஓவியம் தீட்டும் முறையைப் பற்றித் தங்கள் நாளிதழின் வார இணைப்பில் வெளிவந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். நான் முப்பத்திரண்டு ஆண்டுகள் பள்ளியில் இயற்பியல் கற்பித்தவன். ஓய்வுபெற்ற பிறகு, அதே பள்ளியில் என்னோடு பணியாற்றிய ஓவிய ஆசிரியை ஒருவருடன் சேர்ந்து எட்டு ஆண்டுகளாக இந்த ஊசல் ஓவியத்தைச் செய்துவருகிறேன். பலரும் அறிந்திராத ஒரு கலைக்கு முழுப் பக்கம் ஒதுக்கியதற்கு முதலில் என் நன்றி. ஆனால் கட்டுரையில் இடம்பெற்ற இரண்டு கருத்துகளை அப்படியே விட்டுவிட மனம் ஒப்பவில்லை. ஓவியத்தில் பூவிதழ்கள் போலச் சுழன்று அடுக்கும் வளைவுகளுக்குப் பூமியின் தற்சுழற்சியே காரணம் என்பது ஒன்று. கலத்தைத் தள்ளிவிட்டபின் மிச்சத்தை ஈர்ப்பு விசையே பார்த்துக்கொள்ளும், ஓவியருக்கு அங்கே வேலையில்லை என்பது மற்றொன்று. முதல் கருத்து தவறு என்று காட்டிவிட்டால் இரண்டாவதும் நிற்காது என்பதால் முதலில் அதையே எடுத்துக்கொள்கிறேன்.

பூமியின் சுழற்சி ஊசலில் தெரியும் என்பது உண்மையே. 1851-ஆம் ஆண்டில் பிரெஞ்சு இயற்பியலாளர் ஃபூக்கோ பாரிஸ் நகரின் பாந்தியன் மண்டபத்தில் 67 மீட்டர் நீளக் கம்பியில் 28 கிலோ எடையுள்ள குண்டைத் தொங்கவிட்டு அதைத்தான் மக்கள் கண்முன் நிறுத்தினார். ஆனால் அங்கேயே ஊசல் ஆடும் தளம் ஒரு மணி நேரத்தில் திரும்பியது ஏறத்தாழ 11 டிகிரிதான். துருவத்துக்கே சென்று ஆட்டினாலும் மணிக்கு 15 டிகிரிக்கு மேல் திரும்பாது. நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்க அது குறைந்து, நடுக்கோட்டில் இல்லாமலே போய்விடும். ஊசல் ஓவியம் ஒன்றை முடிக்க மூன்று நிமிடம் ஆகிறது என்று கொள்வோம். அந்த மூன்று நிமிடத்தில் பூமியின் பங்கு, துருவத்திலேயே நின்று கணக்கிட்டாலும், முக்கால் டிகிரி. கலம் மையத்திலிருந்து 40 சென்டிமீட்டர் விலகி ஆடினால், அந்த வீச்சின் நுனியில் அது வெறும் அரை சென்டிமீட்டர் நகர்வு. கட்டுரையோடு வெளியான படத்தில் இதழ்கள் கால்வட்டத்துக்கும் மேலாகத் திரும்பியிருக்கின்றன. அவ்வளவு பெரிய திருப்பத்தைச் சில நிமிடங்களுக்குள் பூமியால் தர இயலாது.

அப்படியானால் அவை ஏன் திரும்புகின்றன? கலத்தை இழுத்து நேராக விடாமல் சற்றே பக்கவாட்டில் உந்தி விடும்போது அது நீள்வட்டத்தில் சுற்றத் தொடங்குகிறது. 'அலைவுநேரம் வீச்சைப் பொறுத்ததன்று' என்று, அதாவது ஓர் ஆட்டம் முடிய ஆகும் நேரம் ஆடும் தூரத்தைப் பொறுத்ததன்று என்று, வகுப்பில் நாங்கள் சொல்லிக்கொடுக்கும் விதி, சிறிய வீச்சுக்கு மட்டுமே பொருந்துவது. வீச்சு பெரிதாகும்போது அலைவுநேரம் மிகச் சிறிதளவு கூடுகிறது. அதனால் ஒரு சுற்று முடியும்போது கலம் தொடங்கிய புள்ளிக்கே சரியாக வந்து சேராமல், மயிரிழை தள்ளி வந்து சேர்கிறது. அந்த மயிரிழை ஒவ்வொரு சுற்றிலும் சேர்ந்துகொண்டே போய், நீள்வட்டம் முழுவதையும் கலம் சுற்றும் திசையிலேயே திருப்புகிறது. கயிற்றின் நீளம் 2 மீட்டர், நீள்வட்டத்தின் நீண்ட அரை அச்சு 40 சென்டிமீட்டர், குறுகிய அரை அச்சு 20 சென்டிமீட்டர் என்றால் சுற்று ஒன்றுக்குத் திருப்பம் ஏறத்தாழ 2.7 டிகிரி. அந்த நீளமுள்ள ஊசலுக்கு ஒரு சுற்று 2.8 நொடி என்பதால் நிமிடத்துக்கு இருபத்தொரு சுற்று. காற்றின் தடையால் வீச்சு குறையக் குறையத் திருப்பமும் குறையும். ஆகவேதான் வெளிப்புறத்தில் இதழ்கள் இடைவெளிவிட்டு விரிந்தும், உட்புறத்தில் நெருங்கி அடர்ந்தும் விழுகின்றன. கட்டுரையாளர் வியந்து எழுதியிருந்த அழகு இதுவே.

இதைச் சரிபார்க்கக் கருவி எதுவும் தேவையில்லை. ஒரு முறை கலத்தை இடஞ்சுழியாக உந்திவிடுங்கள்; அடுத்த துணியில் வலஞ்சுழியாக உந்திவிடுங்கள். முதல் ஓவியத்தில் இதழ்கள் இடஞ்சுழியாகவும் இரண்டாவதில் வலஞ்சுழியாகவும் திரும்பியிருக்கும். பூமி காரணமாக இருந்தால் இரண்டும் ஒரே பக்கம் அல்லவா திரும்ப வேண்டும்? திசையைத் தீர்மானித்தது உந்திய கை. திருப்பத்தின் அளவைத் தீர்மானித்ததும் அதே கைதான். ஏனெனில் பக்கவாட்டு உந்தல் குறைந்து நீள்வட்டம் ஒடுங்கினால் திருப்பமும் குறைந்து இதழ்கள் நெருங்கும், உந்தல் கூடினால் அவை அகலும்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். கயிறு தொங்கும் இடம் தளர்வாக இருந்தாலும் நீள்வட்டம் திரும்பும்; ஆனால் அது நாம் விரும்பியபடி திரும்பாது. முதல் ஆண்டில் நாங்கள் கயிற்றை ஒரு வளையத்தில் கட்டி, வளையத்தைக் கொக்கியில் மாட்டியிருந்தோம். நேர்கோட்டில் விட்ட கலம் சிறிது நேரத்தில் தானாகவே நீள்வட்டமாகி, மறுபடி நேர்கோடாகி, பிறகு எதிர்த்திசையில் சுற்றத் தொடங்கியது. பல வாரங்கள் என் கையின் நடுக்கத்தையே குறைசொல்லிக்கொண்டிருந்தேன். வளையம் ஒரு திசையில் கொக்கியோடு சேர்ந்து அசைந்ததும், குறுக்குத் திசையில் அசையாமல் நின்றதும், அதனால் இரண்டு திசைகளிலும் ஊசலின் நீளம் சில மில்லிமீட்டர் வேறுபட்டதும் பிறகே புரிந்தது. கயிற்றை இரண்டு உலோகத் தகடுகளுக்கு இடையே வைத்துத் திருகாணியால் இறுக்கிய நாளிலிருந்து அந்தத் தொல்லை இல்லை.

இனி, ஓவியருக்கு வேலையில்லை என்ற கருத்துக்கு வருகிறேன். தூரிகை பிடிப்பவர் தீட்டும்போதே திருத்திக்கொள்ளலாம். ஊசலோடு வேலை செய்பவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. அவர் தன் முடிவுகள் அனைத்தையும் கலம் கையை விட்டுப் போவதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும். வெளியிலிருந்து பார்ப்பவருக்குக் கலம் ஆடுவது மட்டும் தெரிவதால், அதற்கு முன் நடந்த அரை நாள் உழைப்பு கண்ணில் படுவதில்லை.

அந்த உழைப்பில் பெரும்பகுதி வண்ணத்தின் பதத்துக்கே போகிறது. அக்ரிலிக் வண்ணத்தைக் குப்பியிலிருந்து எடுத்தபடியே ஊற்றினால் துளையில் இறங்காது. தண்ணீரை மட்டும் ஊற்றி நீர்க்கவைத்தால் இறங்கும். ஆனால் வண்ணத்தைத் துணியோடு பிணைக்கும் பசை பலவீனப்பட்டு, உலர்ந்தபின் தொட்டாலே பொடியாக உதிரும். அதனால் ஊற்றுவதற்கென்றே விற்கப்படும் கலப்புத் திரவத்தைச் சேர்த்துக் குமிழி எழாமல் மெதுவாகக் கலக்கி, மெல்லிய வலைத்துணியில் வடிகட்டுகிறோம். துளை 3 மில்லிமீட்டர் விட்டமுடையது. கடுகளவு கட்டி அடைத்துக்கொண்டாலும் ஓவியம் பாதியிலேயே அறுந்துவிடும். பதத்தைப் பார்க்க நாங்கள் வைத்திருக்கும் சோதனை எளியது. குச்சியில் தோய்த்துத் தூக்கினால் வண்ணம் சொட்டாமல், அறுபடாமல் ஓர் இழையாக இறங்க வேண்டும். விழுந்த இடத்தில் எழும் சிறு மேடு ஒரு நொடிக்குள் கரைந்து சமமாகிவிட வேண்டும். மேடு நின்றுவிட்டால் கெட்டி. விழுந்ததும் பரவி ஓடினால் நீர்த்துவிட்டது. ஈரப்பதம் மிகுந்த நாளிலும் வறண்ட நாளிலும் ஒரே அளவுக் கலவை ஒரே பதத்தைத் தருவதில்லை என்பதால், இதைக் குறிப்பேட்டில் எழுதி வைத்தாலும் அன்றன்று கையால் பார்த்தே ஆக வேண்டியிருக்கிறது.

அடுத்தது கோட்டின் தடிமன். ஊசல் நடுவில் விரையும். விளிம்பில் ஒரு கணம் நின்று திரும்பும். 2 மீட்டர் கயிற்றில் 40 சென்டிமீட்டர் வீச்சோடு ஆடும் கலம் மையத்தைக் கடக்கும் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 90 சென்டிமீட்டர்; நேர்கோட்டில் ஆடினால் இரு முனைகளிலும் அதன் வேகம் சுழி. துளையிலிருந்து வண்ணம் இறங்குவது மட்டும் நிற்பதில்லை. எனவே நடுவில் கோடு நூலாக மெலிகிறது, முனைகளில் குட்டையாகத் தேங்குகிறது. நீள்வட்டத்தில் கலம் எங்குமே முழுதாக நிற்பதில்லை என்பதால் தேக்கம் குறைகிறது. ஆனாலும் நீண்ட அச்சின் இரு முனைகளிலும் கோடு தடித்தே விழும். அந்தத் தடிப்பையும் மெலிவையும் குறையாகக் கருதாமல், எழுதுகோலை அழுத்தியும் தளர்த்தியும் எழுதும்போது எழுத்துக்கு வரும் உயிரைப் போலப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று எனக்குக் கற்பித்தவர் என் சக ஆசிரியை.

கலத்தில் வண்ணத்தின் மட்டம் இறங்கும்போது வெளியேறும் வேகமும் தளர்கிறது. மெல்லிய திரவம் என்றால், துளைவழி ஒழுகும் வேகத்தைப் பற்றிய டாரிசெல்லியின் விதிப்படி மட்டம் கால்பங்காகும்போது வேகம் பாதியாகும். கெட்டியான வண்ணத்தில் தளர்ச்சி இன்னும் அதிகம். முதலில் இட்ட வெளிவட்டங்கள் தடித்தும், இறுதியில் வரும் உள்வட்டங்கள் மெலிந்தும் இருக்க வேண்டும் என்றால் உயரமான ஒடுங்கிய கலம் போதும். எல்லாம் ஒரே சீராக வேண்டுமானால் வாய் அகன்ற கலத்தை எடுக்க வேண்டும், அல்லது பதினேழாம் நூற்றாண்டின் பிரெஞ்சு இயற்பியலாளர் மாரியட் கண்டறிந்த வழியைக் கைக்கொள்ள வேண்டும். கலத்தின் வாயை இறுக மூடி, மூடியின் வழியே ஒரு குழாயை வண்ணத்துக்குள் அடிப்பகுதி வரை இறக்கிவிட்டால், மட்டம் அந்தக் குழாயின் நுனிக்கு வரும்வரை ஒழுக்கு மாறாது. கலத்தைத் தேர்ந்தெடுப்பதுகூட இங்கே தூரிகையைத் தேர்ந்தெடுப்பதற்கு ஒப்பானது.

துளைக்கும் துணிக்கும் இடையே உள்ள உயரமும் அப்படியே. மேற்சொன்ன ஊசலில் கலம் முனைக்குப் போகும்போது நடுவில் இருப்பதைவிட 4 சென்டிமீட்டர் உயர்ந்துவிடும். அதைக் கணக்கில் கொண்டே கயிற்றின் நீளத்தை வைக்க வேண்டும். கலம் மெதுவாக நகரும்போது அதிக உயரத்திலிருந்து விழும் கெட்டியான வண்ண இழை, தரையைத் தொடும் இடத்தில் சுருள் சுருளாக மடிந்துகொள்ளும். அமெரிக்க ஓவியர் ஜாக்சன் பொல்லாக் தன் கையின் வேகத்தையும் உயரத்தையும் அத்தகைய சுருள்கள் விழாதபடியே பெரும்பாலும் வைத்திருந்தார் என்று 2019-இல் திரவ இயக்கவியல் ஆய்வாளர்கள் அவர் ஓவியம் தீட்டும் பழைய படச்சுருள் காட்சிகளை அளந்து காட்டியிருக்கிறார்கள். கண்மூடித் தெளித்தார் என்று பலரும் எண்ணிய ஓவியரின் கைக்குள்ளேயே அவ்வளவு கட்டுப்பாடு இருந்திருக்கிறது.

பொல்லாக்கைப் பற்றி ஒரு சிறு திருத்தம். ஊசல் ஓவியத்தைத் தொடங்கியவர் அவரே என்ற தொனி கட்டுரையில் இருந்தது. அவருடைய புகழ்பெற்ற சொட்டு ஓவியங்கள் 1947-இல் தொடங்குகின்றன, அவற்றில் ஆடியது அவருடைய சொந்தக் கையே. துளையிட்ட தகர டப்பாவைக் கயிற்றில் கட்டி ஆடவிட்டு வண்ணம் ஒழுகச் செய்தவர் ஜெர்மனியில் பிறந்த ஓவியர் மாக்ஸ் எர்ன்ஸ்ட். 1942-இல் அமெரிக்காவில் இருந்தபோது அவர் அதைச் செய்தார். ஊசல் இட்ட கோடுகளோடு அவர் நிறுத்திக்கொள்ளவுமில்லை. அவற்றுக்கிடையே ஒரு தலையின் வடிவத்தைக் கையால் எழுப்பினார்.

கலத்தை விடும் தருணத்தைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் தகும். நேர்கோடு வேண்டுமென்றால் விரல் பட்டாலே கெட்டது; விரல் விலகும்போது தரும் மிகச் சிறிய தள்ளல்கூட ஒரு நிமிடத்தில் கோட்டை நீள்வட்டமாக்கிவிடும். ஆகவே கலத்தை ஒரு நூலால் பின்னுக்கு இழுத்துக் கட்டி, அதன் அசைவு முழுதும் அடங்கும்வரை காத்திருந்து, நூலை எரித்து விடுவிக்கிறோம். ஃபூக்கோ 1851-இல் கைக்கொண்டதும் இதே வழிதான். பூமியின் சுழற்சியைத் தேடியவருக்கும், ஒரு நேர்க்கோட்டைத் தேடும் ஓவியருக்கும் கவலை ஒன்றாக இருப்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சி உண்டாகிறது. நீள்வட்டத்துக்கு நூல் உதவாது. அங்கே கை பழக வேண்டும். வண்ணத்தை வீணாக்காமல் பழக, சலித்த மெல்லிய மணலைக் கலத்தில் இட்டுக் கருந்தாளின்மீது ஆடவிடுவது நல்ல வழி. பிடிக்காவிட்டால் தாளைத் தட்டி மணலை மீண்டும் எடுத்துக்கொள்ளலாம். மணலில் ஐம்பது முறையாவது விட்டுப் பார்க்காமல் நாங்கள் இன்றும் வண்ணத்தைத் தொடுவதில்லை.

இவையெல்லாம் என் பங்கு. ஆனால் இவ்வளவும் சரியாக அமைந்த பிறகும், முதல் இரண்டு ஆண்டுகள் எங்களுக்குக் கிடைத்தவை ஓவியங்கள் அல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன். துணியின் நட்டநடுவில் சமச்சீராக ஒரு வடிவம் விழும், நான் மகிழ்வேன், ஓவிய ஆசிரியை பேசாமல் இருப்பார். ஒரு நாள் அவர், "சார், மையம் துணிக்கு நடுவில் இருக்கும்வரை இது உங்கள் பாடப்புத்தகப் படம்தான்" என்று சொல்லித் துணியை ஒரு பக்கமாக இழுத்து நகர்த்தினார். ஊசலின் மையம் துணியின் ஓரத்துக்கு வெளியே போய்விட்டது. வளைவுகள் ஒரு மூலையிலிருந்து எழுந்து, துணியைக் கடந்து, முடியாமலே விளிம்பில் அறுபட்டன. எஞ்சிய மூன்றில் ஒரு பங்கு வெறுமையாகவே இருந்தது. அந்த வெறுமைதான் முதன்முறையாக வளைவுகளுக்கு வேகத்தைக் கொடுத்தது. கண், துணிக்கு வெளியே உள்ள ஏதோ ஒன்றைத் தேடிப் போனது. அது என் கணக்கில் இல்லாத முடிவு. பின்னணிக்குக் கரிய நீலமா, பூசாத துணியா என்பதும், முதல் வண்ணம் உலர்ந்தபின் அடுத்ததை விட்டால் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று தெளிவாக நிற்கும், ஈரத்தின்மேல் விட்டால் ஒன்றையொன்று இழுத்து இறகுபோல் விரியும் என்பதில் எதை எப்போது கொள்வது என்பதும் அவர் பார்வையில் பிறந்தவையே.

எப்போது நிறுத்துவது என்பதும் அவர் முடிவுதான். கலத்தைத் தானாக ஓயும்வரை விட்டால் மையத்தில் வண்ணம் குவிந்து, அதுவரை விழுந்த மெல்லிய கோடுகளை மூடிவிடும். ஆகவே ஒருவர் கோப்பையோடு விளிம்பருகே காத்திருந்து, அவர் தலையசைத்த கணத்தில் கலத்தின் அடியில் அதை ஏந்திப் பிடிக்க வேண்டும். பெரும்பாலும் நான் எதிர்பார்ப்பதைவிட இருபது முப்பது சுற்று முன்னதாகவே அவர் தலையசைத்துவிடுவார். அவர் நிறுத்தியது சரி என்பது மறுநாள், துணி உலர்ந்தபின் எனக்கும் புரியும்.

ஒரு கயிற்றுக்குப் பதில் இரண்டு கயிறுகளை மேலே தனித்தனியாகக் கட்டி, இடையில் ஒரு முடிச்சில் இணைத்து, அங்கிருந்து ஒற்றைக் கயிறாகத் தொங்கவிடும் முறையைக் கட்டுரை தொடவே இல்லை. 1844-இல் ஸ்காட்லாந்துக் கணிதவியலாளர் ஹ்யூ பிளாக்பர்ன் விளக்கிய இந்த ஊசல், கயிறுகளின் தளத்துக்குக் குறுக்கே முழு நீளத்தோடும், தளத்தின் வழியே முடிச்சுக்குக் கீழுள்ள நீளத்தோடு மட்டும் ஆடும். முழு நீளம் 2 மீட்டர், முடிச்சுக்குக் கீழே 50 சென்டிமீட்டர் என்றால் ஓர் ஆட்டம் முடிவதற்குள் மற்றது இரண்டு முறை ஆடி, எட்டு வடிவம் விழும். முடிச்சை ஏற்றி 89 சென்டிமீட்டருக்குக் கொண்டுவந்தால் மூன்றுக்கு இரண்டு என்ற விகிதத்தில் பின்னிய வலை கிடைக்கும். துல்லியமாக அந்த விகிதத்தில் நிறுத்தாமல் ஒரு விரற்கடை விலக்கி முடிச்சிட்டால், வடிவம் ஒவ்வொரு சுற்றிலும் மெல்ல உருமாறிக்கொண்டே போகும். எங்கள் ஓவியங்களில் எனக்கு மிகவும் பிடித்தவை அப்படி விலகிய முடிச்சில் பிறந்தவை.

எனவே தங்களிடம் இரண்டு வேண்டுகோள்கள். இதழ்கள் திரும்புவதற்குப் பூமியின் சுழற்சி காரணமன்று என்ற திருத்தத்தை அருள்கூர்ந்து வெளியிட வேண்டும். தங்கள் நாளிதழைப் படித்துவிட்டு வகுப்பில் அப்படியே சொல்லும் மாணவர்கள் இருப்பார்கள். அடுத்து, இக்கலையைப் பற்றி மீண்டும் எழுதும்போது இதைச் சிறுவர்களின் விடுமுறைப் பொழுதுபோக்கு என்ற அளவில் நிறுத்திவிட வேண்டாம். பள்ளியில் இயற்பியல் ஆசிரியரும் ஓவிய ஆசிரியரும் ஒரே அறையில் நின்று நடத்தக்கூடிய பாடங்கள் மிகக் குறைவு; இது அவற்றுள் ஒன்று. அத்தகைய வகுப்பை நடத்த முன்வரும் ஆசிரியர்களுக்கு ஒன்று மட்டும் சொல்வேன். மிஞ்சிய அக்ரிலிக் வண்ணத்தைக் கழுவுதொட்டியில் ஊற்றாமல் காயவைத்து, தோலாக உரித்துக் குப்பையில் போடச் சொல்லுங்கள். தண்ணீரில் கரைந்து மறைவதாகத் தோன்றினாலும் அது நெகிழிதான்.

இடஞ்சுழியாகவும் வலஞ்சுழியாகவும் விட்டு, ஒரே நாளில், ஒரே கயிற்றில், ஒரே கலவையைக் கொண்டு செய்த இரண்டு ஓவியங்களின் ஒளிப்படங்களை இக்கடிதத்தோடு இணைத்திருக்கிறேன். இடம் இருந்தால் அவ்விரண்டையும் அருகருகே வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர் ஒருவர்